கொமுட்டரில் வந்த பம்பர்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இளமையில் மூன்று முறை டெஸ்டுக்குப் போனேன், மூன்று முறையும் ஊத்திக்கொண்டது. அதனால் எங்கள் வீட்டுக்கு டிரைவர் என் மனைவிதான். வேலைக்கு, கோயிலுக்கு, கல்யாணத்துக்கு என்று முப்பது வருடமாக இடப்பக்க இருக்கையில் மகாராஜா மாதிரி உட்கார்ந்து போய் வந்தவன் நான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பதவியை மட்டும் விடவில்லை.

கார், பழைய சுவீடன் கார். முன்னும் பின்னும் பம்பருக்குத் தடித்த கறுப்பு ரப்பர் உறை போட்டிருக்கும். சென்ற ஆண்டு ஒரு காலை, பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கார் பார்க்கில், முன் பம்பரைத் தூணில் இடித்துவிட்டாள். உள்ளே இருக்கும் இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ரப்பர்தான் மூலையில் கிழிந்து, நாக்கு மாதிரி தொங்கியது. அவளோ நேராக வீட்டுக்கு வந்து சாவியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"அறுபத்திரண்டு வயசாச்சுங்க. இன்னைக்குத் தூணு, நாளைக்கு ஆளா இருந்தா? போதும், வித்துடலாம்."

கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அவள் கேட்கவில்லை. காய்கறி, மீன் வாங்கப் பாசாருக்கு வாடகைக் காரில் போனோம். பின் இருக்கையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த டிரைவர் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் இவள் வலது கால் தரையை அழுத்தும். எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. அந்தக் கிழிசல்தான் தினமும் கீழே நின்று அவளைக் குத்திக்காட்டுகிறது, அதைச் சரிசெய்தால் மறுபடி ஓட்டுவாள் என்று நானே முடிவு கட்டினேன்.

பூச்சோங்கில் இருக்கும் எங்கள் மெக்கானிக்குக்கு போன் செய்தேன்.

"கம் போட்டு ஒட்டினா நிக்காது லா அங்கிள். புது ரப்பர் இங்க எங்க கிடைக்குது? கிள்ளான்ல பழைய காரைப் பிரிச்சு விக்கிற கடை இருக்கு. அங்க போயி தேடிப் பாருங்க."

பல் டாக்டரிடம் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு கொமுட்டர் ரயில் ஏறினேன். கிள்ளான் கடையில் எங்கள் காரின் அண்ணன் தம்பிகள் இரண்டு, கதவில்லாமல் நின்றன. கடைக்காரர் கை துடைத்துக்கொண்டே வந்தார்.

"முன்னாலயா, பின்னாலயா அங்கிள்?"

"முன்னால."

"ரெண்டு ரப்பரும் அந்தத் தகரத்துக்குக் கீழதான் கிடக்கு. பார்த்து எடுத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு அவர் போன் பேசப் போய்விட்டார்.

நான் இரண்டையும் தட்டினேன், தடவினேன், விஷயம் தெரிந்தவன் மாதிரி மோந்துகூடப் பார்த்தேன். ஒன்று வெளுத்து வெடித்திருந்தது. இன்னொன்று கருகருவென்று வழவழப்பாக இருந்தது. அதையே எடுத்தேன்.

"அங்கிளுக்கு நல்லா அனுபவம் போல," என்றார் கடைக்காரர். மறுக்க மனம் வரவில்லை. பேப்பர் சுற்றி ராஃபியா கயிறு கட்டிக் கொடுத்தார்.

ரயிலில் அதை நிமிர்த்தினால் கூரையில் முட்டியது, படுக்கவைத்தால் வழியை மறித்தது. கடைசியில் ஒரு வரிசைப் பயணிகளின் மடியில் அது படுத்துக்கொண்டது.

"என்னண்ணே, வீணையா?" என்றார் என் பக்கத்தில் இருந்த அம்மாள்.

"இல்லம்மா, கார் பம்பர்."

"அப்ப கார் எங்க?"

"வீட்ல இருக்கு."

பெட்டியே சிரித்தது. சுபாங் ஜெயாவில் ஏறிய மலாய்க்காரர் ஒருவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, நான் இறங்கிய ஸ்டேஷனில் படி ஏறி வெளியே வரும்வரை கூடவே வந்தார். நான் அவ்வளவு சந்தோஷமாக ரயிலில் போய்ப் பல வருடமாகிறது.

கதவைத் திறந்தவள் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பல்லு புடுங்கத்தானே போனீங்க? இது யாரு பல்லு?"

கூடத்தில் வைத்துப் பிரித்தேன். அவள் குனிந்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை விரலால் தடவினாள்.

"யாரு எடுத்துக் கொடுத்தது?"

"நானே பார்த்து எடுத்தேன்."

"இது பின்னாலது. முன்னாலதுன்னா நம்பர் பிளேட் மாட்ட ஓட்டை இருக்கும். முப்பது வருஷமா அதே கார்லதானே போறீங்க?"

எனக்கு முகம் தொங்கிவிட்டது. அவளுக்கோ சிரிப்பு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு மாதமாகியிருந்தது.

"நாளைக்கு ரயில்ல கொண்டுபோய் மாத்திட்டு வந்துடறேன்," என்றேன்.

"மறுபடியும் ரயிலா? அந்த ஜனங்க என்னங்க பாவம் பண்ணாங்க?"

அப்படிச் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. நான் ரப்பரை மறுபடி பேப்பரில் சுற்றத் தொடங்கினேன். ஒரு வார்த்தை பேசி, அது அவள் மனதை மாற்றிவிடுமோ என்று பயம்.

கீழே போய், தொங்கிய கிழிசலை ராஃபியா கயிற்றால் கட்டினோம். வாங்கி வந்த ரப்பரைப் பின் கண்ணாடியிலிருந்து முன் கண்ணாடிவரை எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டிவைத்தோம். தூணுக்கு அருகில் வந்தபோது அவள் காரை நிறுத்தினாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். பிறகு மெதுவாக, ஒரு முழம் இடம் விட்டு, கடந்து வெளியே வந்தாள்.

பெரிய சாலை வந்ததும் கேட்டாள்.

"கடை எத்தன மணி வரைக்கும்?"

"ஆறு."

"அப்ப நேரம் இருக்கு. இதை மாத்திட்டு, அப்படியே காப்பார் வரைக்கும் போயி மீன் வாங்கிட்டு வருவோம்," என்று சொல்லி அடுத்த கியரைப் போட்டாள்.