மந்திரிக்கு ஞாபகம் இருந்தது

போன ஞாயிறு நான் வேலை செய்யும் எங்கள் சின்யோரா, அதாவது எஜமானியம்மா வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பிரெஞ்சு மந்திரி வந்தார். ஏதோ மாநாட்டுக்காக இத்தாலிக்கு, எங்கள் பலெர்மோவுக்கு வந்தவராம். சமைத்துப் பரிமாறியது நான்தான்... உங்களுக்குத்தான் தெரியுமே, எழுத்து எனக்குச் சோறு போடுவதில்லை.

சின்யோரா மற்ற விருந்தாளிகளிடம் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னா. ரயில்வே தொழிலாளியின் மகன். பள்ளிக்கூட வாத்தியார். பிறகு தொழிற்சங்கம், ஒரு சின்ன ஊருக்கு மேயர், இடதுசாரி எம்.பி., இப்போது மந்திரி.

சின்யோரா விட்ட ஒரு அத்தியாயம் எனக்குத் தெரியும்.

அவர் எதிர்க்கட்சியில் இருந்தபோது, விசாப் பேப்பர் இல்லாத ஆட்கள் பாரிஸில் ஒரு தேவாலயத்துக்குள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவரும் மூன்று நாள் அவர்களோடு தரையில் படுத்தார். பக்கத்துப் பாயில், இங்கே என்னோடு இருக்கும் என் தங்கை ஜெயாவின் புருஷன் ரவி. இருவரும் தோளில் கைபோட்டு நிற்கும் படம் ஒன்று எங்களுக்கு வந்தது. பின்பக்கத்தில் ரவி எழுதியிருந்தான்: "இந்த ஆள் பதவிக்கு வந்தால் எங்களுக்கு விடிவுதான் மச்சான்."

வந்தார். ஆனால் ரவியின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்து, கொழும்புக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். இறங்கின இடத்திலேயே பிடித்துக்கொண்டு போனார்களாம். ஏழு மாதமாகிறது... ஒரு செய்தியும் இல்லை.

யார் வருகிறார் என்று முன்பே தெரிந்ததால் படத்தைச் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். கோப்பி கொடுக்கும்போது நீட்டினேன். வேலை போகலாம் என்று தெரிந்துதான் நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"ரவி," என்றார். "எனக்குத் தமிழில் பத்து வரை எண்ணச் சொல்லித்தந்தவர். எப்படி இருக்கிறார்?"

சொன்னேன்.

"அது என் துறை இல்லை," என்றார், தடுமாறும் இத்தாலியனில். "மந்திரிகள் கூட்டத்தில் ஒருமுறை பேசினேன். யாரும் என் பக்கம் நிற்கவில்லை."

"பதவியை விட்டிருக்கலாமே?"

"நான் விட்டால் என்னைவிட மோசமான ஒருவர் வருவார்."

இந்த வசனத்தை நாங்கள் எங்கேதான் கேட்கவில்லை? ஊரில் சங்கக்கடை, அதுதான் கூட்டுறவுக் கடைத் தலைவரும் இதையேதான் சொன்னார். நல்லவர்கள் நாற்காலியை விடாததற்கு எப்போதும் யாரோ ஒரு கெட்டவர்தான் காரணம்!

சின்யோரா என்னைக் குசினிக்குப் போகச் சொன்னா. புறப்படும் முன் மந்திரி அங்கேயே வந்து, ரவியின் முழுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை — பொய்யன் என்று திட்டிவிட்டு வரவும் வழியில்லாமல் போய்விட்டது.

அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் அறைக்கு வந்ததும் ஜெயா கேட்டாள்: "என்னவாம்?"

"ரவியை நல்லா ஞாபகமிருக்காம்."

ஜெயா படத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மறந்திருந்தாலாவது மன்னிக்கலாம் அண்ணை."