தாலி கட்டும் நேரத்தில் ஒரு கேமரா

போச்சம்பள்ளித் தொழிற்சாலையில் நான் மேலாளராக இருந்த பிரிவில் வேலை பார்த்த பெண்ணுக்குக் கல்யாணம். படம் நானே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பெங்களூரில் வாங்கிய டிஜிட்டல் கேமரா அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. என் பேச்சை நம்பி, கிருஷ்ணகிரி ஸ்டுடியோக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சாமல்பட்டியில் சின்ன மண்டபம். பெண்ணின் அம்மா கணவரை இழந்தவர். மாந்தோப்புகளில் கூலி வேலை செய்து மகளைப் படிக்கவைத்தவர். தாலி கட்டும்போது தான் மேடைப் பக்கம் வரக் கூடாது என்று அவராகவே சமையற்கட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் ஆட்களின் முதுகுதான் தெரியும்.

“நான் படத்துல பாத்துக்கறேன் சார். தாலி கட்டறத மட்டும் நல்லா புடிச்சிருங்க.”

“அதெல்லாம் கேமராவே பாத்துக்கும்மா” என்றேன்.

அப்படித்தான் நம்பினேன். எதன்மேல் ஃபோகஸ் வைப்பது என்பதை முழுக்கக் கேமராவிடமே விட்டிருந்தேன். அப்படி விட்டால் அது பெரும்பாலும் கிட்டத்தில் இருப்பதையே பிடிக்கும் என்பதும், ஃபோகஸ் கிடைக்கும்வரை எவ்வளவு அழுத்தினாலும் படம் எடுக்காது என்பதும் எனக்குத் தெரியாது. விளக்கப் புத்தகம் உறை பிரிக்காமல் வீட்டில் கிடந்தது.

கெட்டிமேளம் கொட்டியது. என் தலைக்கு மேலாக அட்சதை பறந்தது. லென்ஸ் அரிசியைப் பிடித்தது, குத்துவிளக்கைப் பிடித்தது, பிறகு எதிலும் நிற்காமல் முன்னும் பின்னும் ஓடியது. அழுத்தினேன். விட்டு மறுபடி அழுத்தினேன். பக்கத்தில் நின்ற எங்கள் தொழிற்சாலை மெஷின் ஆபரேட்டர், “இன்னா சார், தள்ளி உட்டாதான் ஸ்டார்ட் ஆவுமா?” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். படம் விழுந்தபோது மாப்பிள்ளை கையை எடுத்துவிட்டிருந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் அந்த அம்மா வந்து, “உழுந்துச்சுங்களா சார்?” என்று கேட்டார்.

“நல்லா விழுந்திருக்கும்மா.”

பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது அவர் ஒவ்வொன்றாகத் தேடினார். குத்துவிளக்கின் திரி தெளிவாக இருந்தது. அதற்குப் பின்னால் மகளின் முகம் கலங்கலாக இருந்தது.

“அட்சதை மறைச்சிருச்சும்மா.”

“போவட்டும் சார். அத்தினி பேரு வாழ்த்தியிருக்காங்க.”

அதற்குப் பிறகுதான் புத்தகத்தைப் படித்தேன். ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்து முகத்தின்மேல் வைக்கவும், நகரும் ஆளைத் தொடர்ந்து பிடிக்கும் அமைப்புக்கு மாற்றவும் பழகினேன். பெரிய வித்தை இல்லை, ஒரு மாலையில் கைவந்தது. ஆனால் இன்றுவரை எந்தக் கல்யாணத்திலும் என்னால் நிம்மதியாக உட்கார முடிவதில்லை. கெட்டிமேளம் கேட்டதும் கண் சமையற்கட்டுப் பக்கம் போய்விடுகிறது.

அன்று மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்று வரவேற்றது என்னைத்தான். “மேடைக்கு வாங்கம்மா” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அது எனக்குத் தோன்றாமலும் இல்லை. அவர் வாசலில் நின்றதால்தான் என் படத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அதனால் சொல்லவில்லை.