சோமு அண்ணனின் தாத்தா கடை

சோமு அண்ணன் போய்விட்டார். இன்று காலை. நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

எங்கள் ஆபீஸில் கேஷ் செக்‌ஷனில் இருந்து ரிட்டயரானவர். கூடப் பிறக்காத அண்ணன். அழ வேண்டிய நேரத்தில் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது... திட்டித்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழமாசி வீதியில் ஒரு பெரிய மளிகை மொத்தக் கடை. பேர் வேண்டாம். ஆரம்பித்தவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். அதில் தம்பி கருப்பையாதான் சோமு அண்ணனின் தாத்தா. இப்போது கல்லாவில் இருப்பது மூத்தவரின் பேரன்கள். கடைக்குள் மாலை போட்டு மாட்டியிருப்பதும் மூத்தவர் படம் மட்டும். தம்பி சம்பளத்துக்கு நின்றவர் என்பது அவர்கள் கட்டிவிட்ட கதை.

தாத்தா படத்தையும் பக்கத்தில் மாட்ட வேண்டும். சோமு அண்ணன் கேட்டது அவ்வளவுதான்.

அதற்கு ஆதாரம் தேடி லைப்ரரி லைப்ரரியாக அலைந்தார். பழைய வியாபார டைரக்டரிகள்... எந்த ஊரில் என்ன கடை, யார் முதலாளி என்று அந்தக் காலத்தில் இங்கிலீஷில் அச்சடித்த தடித்தடிப் புத்தகங்கள். கண் ஆபரேஷன் ஆனதால் பொடி எழுத்து அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னைக் கூப்பிடுவார்.

எடுத்த புத்தகத்தில் எல்லாம் மூத்தவர் பேர்தான். "அண்ணே, உங்க தாத்தா பேரே இல்லையே" என்றேன்.

"அண்ணன் இருக்கையில தம்பி தன் பேரப் போடச் சொல்லுவாகளா தாயி? மரியாதையா இருக்காதுல்ல. மூத்தவரு செத்த பெறகு வந்த புக்க எடு."

எடுத்தேன். இருந்தது. அதே கடை, அதே தெரு, முதலாளி கருப்பையா. மூத்தவரின் பிள்ளைகள் சின்னப் பையன்களாக இருந்த காலம்... அவர்கள் தலையெடுக்கும் வரை கடையை நடத்தி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு சோழவந்தானுக்குப் போயிருக்கிறார் மனுஷன்.

சோமு அண்ணன் லைப்ரரி என்பதையே மறந்து வீட்டுக்கு போன் போட்டார். "ஏய், தாத்தா இருக்காருடி... மொதலாளின்னே போட்டுருக்குடி." மொத்த ஹாலும் திரும்பிப் பார்த்தது.

ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். இப்போதைய முதலாளி எங்களை நிற்க வைத்தே பேசினார். சோமு அண்ணனுக்குத் தம்பி முறை.

"இதத் தூக்கிட்டு எதுக்குண்ணே அலையிறீக... பங்கு வேணுமாக்கும்?"

"பைசா வேணாம்ப்பா. தாத்தா படம் ஒண்ணு மாட்டணும். அம்புட்டுத்தேன்."

"புக்குல தப்பாப் போட்டுருப்பாய்ங்க. யாவார நேரம்ணே, பெறகு பாப்போம்."

ஒரு டீ வாங்கிக் கொடுக்கத் துப்பில்லை.

இன்று மதியம் துக்கத்துக்குப் போகிறேன்... அவர் தெருமுனையில் ஆளுயரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ். மேலே அந்தக் கடையின் பேர் கொட்டை எழுத்தில். 'எங்கள் குடும்பத்தின் மூத்த தூண் சாய்ந்தது' என்று. கீழே வரிசையாக முதலாளிமார் போட்டோ, அதில் ஒருத்தன் கூலிங் கிளாஸோடு.

எப்போதிருந்துடா தூண்? உயிரோடு வந்து நின்ற ஆளுக்கு ஒரு நாற்காலி போடவில்லை, செத்த பிறகு அவர் முகத்தில் கடைக்கு விளம்பரம். வெட்கம் கெட்டவர்கள்.

அந்த பிளெக்ஸில் இருக்கும் போட்டோ நான் எடுத்தது. தாத்தா பேர் கிடைத்த அன்று, லைப்ரரி வாசலில் அந்தப் புத்தகத்தைத் திறந்து நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்தார். அதைத்தான் வாட்ஸ்அப்பில் வைத்திருந்தார். அங்கிருந்து எடுத்து, கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டு, சுற்றி ரோஜாப்பூ போட்டிருக்கிறார்கள்.

வெட்டாத போட்டோ இதோ. பெரிதாக்கிப் பாருங்கள்... தாத்தா பேர் படிக்க முடிகிறது.

போயிட்டு வாங்கண்ணே.