இருவருக்கு ஒரு கட்டில்

ஷார்ஜா தொழில்பேட்டையில் உணவகங்களுக்கும் கடைகளுக்கும் உள்அலங்காரம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் டிராப்ட்ஸ்மேன். சில வருஷங்களுக்கு முன்பு, துபாயில் இரண்டு உணவகங்கள் நடத்திவந்த ஒரு சென்னைக்காரர் எங்களிடம் வந்தார். மூன்றாவது உணவகத்தை ஐஸ்லாந்து நாட்டுப் பழைய வீடு மாதிரி கட்டவேண்டும் என்றார். நேரில் போய் அளவெடுக்கவும் படமெடுக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஊருக்குப் போவதைத் தவிர வேறெங்கும் நான் விமானம் ஏறியதில்லை. சந்தோஷமாகத்தான் போனேன்.

முதல் நாள் தலைநகரில் ஓர் ஓவிய அருங்காட்சியகம். அவர் போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்தபடியே அறை அறையாக நடந்தார். எந்தப் படத்தின் முன்னாலும் நிற்கவில்லை. நான் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன். கடற்கரைப் பாறைகளில் உப்புமீன் உலர்த்தும் பெண்கள். தலையில் துணி, முழங்கை வரை சிவந்துபோன கைகள். குனிந்தே கிடந்து இனி நிமிரவே முடியாது என்பது போன்ற முதுகுகள். அவர் திரும்பி வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இது சூப்பரா இருக்கே. நம்ம மெயின் வாலுக்கு இதையே வரைஞ்சு போட்டுடலாம். ஆனா இந்தப் பொம்பளைங்க வேணாம். கடல் மட்டும் இருக்கட்டும்."

"இவங்கதான் சார் படமே."

"சாப்பிடற இடத்துல வேலைக்காரங்க மூஞ்சி எதுக்கு?"

நோட்டில் 'பெண்கள் வேண்டாம், கடல் மட்டும்' என்று எழுதிக்கொண்டேன். சொன்னதை எழுதிக்கொள்வதுதான் என் வேலை.

மறுநாள் நாட்டுப்புற அருங்காட்சியகம். கல்லும் புல்மண்கட்டியும் அடுக்கிய சுவர்கள், மேலே புல் முளைத்த கூரை. குனிந்துதான் நுழைய வேண்டும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஓர் இளம்பெண் எங்களுக்கு வழிகாட்டி. கம்பளிச் சட்டையின் கையை இழுத்து இழுத்து விட்டபடி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டு வந்தாள். இருண்ட நடையைத் தாண்டி, நீளமான ஒரு மர அறை. இரண்டு பக்கச் சுவரோடும் ஒட்டி வரிசையாகக் கட்டில்கள். பண்ணையாட்கள் எல்லோரும் தூங்கியதும் சாப்பிட்டதும் நூல் நூற்றதும் இந்த ஒரே அறையில்தான் என்றாள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், தலைமாடும் கால்மாடும் மாற்றி. ஆளுக்கு ஒரு மூடிபோட்ட மரக்கிண்ணம். ஜன்னல் பக்கத்து நல்ல கட்டில் எஜமானிக்கு. நிலமில்லாதவன் எவனும் ஏதாவது ஒரு பண்ணையில் ஆளாக இருந்தே ஆகவேண்டும் என்று அந்தக் காலத்தில் சட்டம் இருந்ததாம். ஒப்புக்கொண்ட வருஷம் முடியாமல் வேறு எஜமானிடம் போக முடியாதாம்.

அறையில் பழைய கம்பளியும் ஈரமண்ணும் புகையும் கலந்த ஒரு வாடை. அது எனக்குப் புதிதல்ல. வளைகுடாவுக்கு வந்த புதிதில் நான்கு வருஷம் அபுதாபிப் பக்கம் முசஃபாவில் ஒரு தொழிலாளர் கேம்பில் இருந்தேன். அறைக்குப் பத்துப் பேர். என் கட்டில் இருவருக்கு: நான் பகல் டியூட்டி, இன்னொருவன் நைட் டியூட்டி. அவன் எழுந்துபோன மெத்தையில் அவன் உடம்புச் சூடும் தலையெண்ணெய் பிசுக்கும் அப்படியே இருக்கும். அதன் மேல்தான் நான் படுப்பேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி. அவனோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

இதை நினைத்துக்கொண்டு நிற்கும்போதே அவர் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய், ஷூவோடு ஒரு கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார்.

"செம கோஸியா இருக்குப்பா! ஒவ்வொரு டேபிளும் இதே மாதிரி ஒரு கட்டில். கப்பிள்ஸ் உள்ள உக்காந்து சாப்பிடணும். நீயும் வந்து படு, அளவு தெரியணும்ல."

அந்தப் பெண் முகம் சிவந்து, "ப்ளீஸ், இறங்குங்கள்" என்றாள். அவர் சிரித்தார். நான் அவளைப் பார்க்காமல் கயிற்றைத் தாண்டிப் போய், அவர் காலடியில் தலைவைத்துப் படுத்தேன். அவருடைய ஷூவின் அடிப்பாகம் என் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் ஒட்டியிருந்த மண் விரிப்பில் உதிர்ந்தது. அவர் செல்ஃபி எடுத்தார். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை அதை அழிக்க நினைத்திருக்கிறேன். அது இருப்பது அவர் போனில்.

ஷார்ஜா திரும்பியதும் வேலை மளமளவென்று நடந்தது. எங்கள் பட்டறையின் தலைமைத் தச்சர் அறந்தாங்கிப் பக்கம், எனக்கு ஊர்க்காரர். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணே இது, ஓட்டல்னு சொன்னீங்க, கட்டிலா வரைஞ்சிருக்கீங்க?"

அந்த அறையைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேர் படுத்ததை, கிண்ணத்தை, வருஷம் முடியாமல் போக முடியாததை. அவர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"அப்ப அவங்களுக்கும் கஃபீலு இருந்திருக்கான்." கஃபீல் என்றால் இங்கே நம் விசாவைக் கையில் வைத்திருக்கும் முதலாளி; அவன் விடாமல் வேறு வேலைக்குப் போக முடியாது.

"ஆமாண்ணே."

"இதுல உக்காந்து காசு குடுத்துத் திங்கப்போறாய்ங்களா?" என்று கேட்டுவிட்டுக் காறித் துப்பினார். பிறகு மரத்தூளால் அதை மூடினார். "யல்லா, வேலையப் பாப்போம்."

பன்னிரண்டு கட்டில்கள் செய்தோம். தலைப்பலகைச் செதுக்கல் அத்தனையும் அவர் கை. ஐஸ்லாந்தில் நான் பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது.

கடைசியில் நுழைவாயிலில் வைக்க ஒரு பலகைக்கு வாசகம் கேட்டார்கள். நான்தான் எழுதினேன். அந்தப் பெண் சொன்னதை ஆங்கிலத்தில் நான்கு வரியாக, கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். வேலை செய்தவர்கள் இப்படிக் கட்டிலுக்கு இரண்டு பேராகத் தூங்கினார்கள், எஜமானை விட்டுப் போக அவர்களுக்கு உரிமை இல்லை என்று. யாரும் படிக்காமலே அச்சுக்குப் போனது. ஊரைவிட்டு வளைகுடாவுக்கு வந்த பிறகு நானாகச் செய்த ஒரே காரியம் அது என்று நினைத்தேன். இரண்டு நாள் கொஞ்சம் நிமிர்ந்துகூட நடந்தேன்.

திறந்த வாரத்திலேயே விருந்தாளி ஒருவர் அதைப் படித்துவிட்டு, "இது என்ன லேபர் கேம்பா?" என்று கேட்டிருக்கிறார். சென்னைக்காரர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போனபோது கட்டில்கள் நிறைய ஆட்கள். ஷூவோடு காலை மடக்கி உட்கார்ந்து, மரக்கிண்ணத்திலிருந்து ஆட்டுக்கறியை எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மூடியை எடுத்துத் தொப்பி மாதிரி தலையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. கொழுப்பு வழிந்த விரலை ஒருவன் தலைப்பலகைச் செதுக்கலில் தேய்த்தான்.

"உன்னை யாரு இந்த மாதிரி எழுதச் சொன்னா?" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை.

என்ன பதில் சொல்வது என்று காரில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். உண்மையைத்தானே சார் எழுதினேன் என்று தொடங்குவதாக இருந்தது. வாயைத் திறந்ததும், "சாரி சார், மாத்திடறேன்" என்றுதான் வந்தது.

அங்கேயே, சமையலறை வாசலில் நின்றுகொண்டு, போனில் புதிய வாசகத்தைத் தட்டினேன். பனிக்காலத்தில் குடும்பங்கள் ஒன்றுகூடிக் கதை பேசிய இதமான அறை. அவர் படித்துவிட்டு, "பாரு, நல்லா எழுத வருதே உனக்கு" என்று முதுகில் தட்டினார். பழைய பலகையை நானே கழற்றி எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்து, குப்பைத் தொட்டியில் போட்டேன்.

தச்சரிடம் இதைச் சொல்லவில்லை. திறப்பு எப்படி நடந்தது என்று அவரும் கேட்கவில்லை. அவரையோ பட்டறை ஆட்கள் வேறு யாரையுமோ அங்கே அழைத்திருக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நான் அந்த உணவகத்துக்குள் போனதில்லை. இதில் பெருமை ஒன்றும் இல்லை. புதிய வாடிக்கையாளர்களுக்குக் காட்ட எங்களிடம் ஒரு படத்தொகுப்பு இருக்கிறது. அதில் முதல் பக்கம் அந்த உணவகம்தான். ஒவ்வொரு மீட்டிங்கிலும் அதைத் திறந்து வைத்து, மரம் எங்கிருந்து வந்தது, செதுக்கல் எப்படிச் செய்தோம் என்று நான்தான் விளக்குகிறேன். நன்றாகவே விளக்குகிறேன். அந்தப் பக்கத்தைப் பார்த்தே மூன்று வேலைகள் கிடைத்திருக்கின்றன.