ரஹ்மத்துன்னிசா வீல் பார்த்த கதை

நிஜாம் தம்பி முதல் தடவை குவைத்துக்குப் போன அன்றைக்கு, அவருடைய அம்மா புது மருமகள் ரஹ்மத்துன்னிசாவை அடுப்படிக்குக் கூட்டிப்போய் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஏட்டி, போன்ல என்ன வேணும்னாலும் பேசிக்க. எப்ப வாரீயன்னு மட்டும் கேட்டுறாத. கேட்டா அவன் மனசு அங்க நிக்காது. வண்டி ஓட்டுற பிள்ள. கை ஒரு பக்கம் மனசு ஒரு பக்கம்னு ஆயிரக் கூடாது. அல்லாஹ் நாடுன நாள்ல வருவான்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் வெளிநாட்டுக்கு ஆம்பளையை அனுப்பின வீடு எல்லாவற்றிலும் இப்படி ஒரு பேச்சு உண்டு. சிலர் அதன்படி நடப்பார்கள், சிலர் மறந்துவிடுவார்கள். ரஹ்மத்து அதைத் தொழுகையைப் போலத் தவறாமல் காத்துவந்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதனால் எனக்குத் தெரியும்.

நிஜாம் தம்பி அங்கே ஒரு வீட்டில் டிரைவர். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர் வேலை. இங்கே அவர் மகள் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

அங்கே பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு அவர் கூப்பிடும்போது இங்கே பொழுது சாய்ந்து மஃரிப் முடிந்திருக்கும். "சாப்டியா? புள்ள தொழுதாளா? அம்மாவுக்கு மாத்திர இருக்கா?" இவள், "ம். தொழுதா. இருக்கு." அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்தால் மற்றப் பேச்சும் வற்றித்தான் போகும் போலிருக்கிறது. பிறகு ஸலாம் சொல்லி வைத்துவிடுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முந்தி லீவில் வந்தபோது பழைய வெள்ளைக் கார் ஒன்று வாங்கினார். புது டயர் போட்டு, ஆசையாக நாலு இடம் ஓட்டினார். பிளவக்கல் அணைக்குக்கூட எல்லோரையும் கூட்டிப்போனார். லீவு முடிந்ததும் வண்டி வீட்டு வாசலில் வெயிலில் நின்றது. போன வருஷம் வர வேண்டியவர் வரவில்லை.

ஒருநாள் போனில் ஒரு படம் அனுப்பினார். வட்டமாக, கறுப்பாக, நடுவில் கம்பி கம்பியாக என்னவோ இருந்தது. ரஹ்மத்து பார்த்துவிட்டு, "இது என்ன மச்சான், கேஸ் அடுப்பு பர்னரா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பு சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

"அது அலாய் வீலுட்டி! நம்ம வண்டிக்கு. அந்தத் தகர டிஸ்க்கும் பிளாஸ்டிக் மூடியும் பாக்க நல்லாவா இருக்கு? ராஜபாளையத்துல கடை இருக்காம். போய்ப் பாத்துச் சொல்லு."

அன்றைக்குப் பேச்சு ராத்திரி இஷா பாங்கு வரைக்கும் ஓடியது. அவள் அடுப்படியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தட்டுக் கழுவினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவருக்கு ஓய்வு. கடை மதுரை ரோட்டோரம், முதலாளி தங்கப்பாண்டியன் அண்ணாச்சி. சுவர் முழுக்க வீலை மாட்டியிருந்தார்கள். பூ மாதிரி ஒன்று, நட்சத்திரம் மாதிரி ஒன்று, சூரியகாந்தி மாதிரி ஒன்று. ரஹ்மத்து போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் செத்தக் கிட்டக் காட்டு. செவுத்த இல்லட்டி, வீல! பக்கத்துல யாரு, ரமீஜாக்காவா? அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. அந்த மூணாவது எப்பிடி இருக்கு?"

நான் ஸலாமுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இவள் சொன்னாள்: "மீன் முள்ளு மாதிரி இருக்கு மச்சான். பாத்தாலே தொண்டையில குத்துது."

"நீ என்ன வீலத் திங்கவா போற?"

கடையில் வேலை செய்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அன்றைக்கு ஒன்றும் முடிவாகவில்லை. அடுத்த வெள்ளியும் போனோம். கறுப்பு என்றார் அவர், "வெள்ளக் காருக்குக் கறுப்பா? கண்ணு குழி விழுந்த மாதிரி இருக்கும்" என்றாள் இவள். வெள்ளி நிறம் என்றார், "சேறு பட்டா யாரு தொடைக்கிறது?" என்றாள். இப்படியே மூன்று மாதம் ஆனது.

அண்ணாச்சி ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டார். "பொண்ணு பாக்க வாரவுககூட ரெண்டாவது தடவ பூ வச்சிருவாகம்மா. நீங்க வாராவாரம் காப்பி மட்டும் குடிச்சிட்டுப் போறீக."

"நாள் குறிக்கணும்லா அண்ணாச்சி" என்று சிரித்தாள் ரஹ்மத்து.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏட்டி, போன வாரம் பாத்த அந்தப் பத்துக் கம்பி வீலு நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லாத்தான்க்கா இருந்துச்சு."

"பொறவு என்ன?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எடுத்துட்டா முடிஞ்சிருமேக்கா. அவிய பொறவு என்னத்தப் பேசுவாக?"

யா அல்லாஹ், இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி காட்டு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் வண்டியையே கொண்டுவரச் சொல்லிவிட்டார் அண்ணாச்சி. எத்தனை போல்ட்டு, நடு ஓட்டை எவ்வளவு என்று பார்க்காமல் வீல் தர முடியாதாம். தெருவில் அழைத்த வீட்டுக்கெல்லாம் கார் ஓட்டித் தருகிற மலைச்சாமி, பாட்டரிக்கு உயிர் கொடுத்து வண்டியைக் கிளப்பி எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது வண்டி தட்டுத்தட்டென்று குதித்தது.

அண்ணாச்சி குத்தவைத்து உட்கார்ந்து டயரைத் தடவினார். போனில் நிஜாம் தம்பி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க பாய். புது டயருக்கு இருக்கிற ரப்பர் முடி இருக்குல்லா, அதுகூட உதிரல. ஆனா பக்கம் பூரா வெடிப்பு. இது ஓடிக் கெட்டதில்ல, நின்னு கெட்டது. நாலையும் மாத்தணும்."

"மாத்திருவோம் அண்ணாச்சி."

"அப்ப வீலு இப்ப உள்ள பதினாலு இஞ்சா பதினஞ்சான்னு இன்னைக்கு முடிவாகணும். நீங்க வந்து ஓட்டுறதா இருந்தா பதினஞ்சுல அலாய் போட்டு, பட்டை டயர் மாட்டிருவோம். ஜம்முன்னு இருக்கும். வண்டி இன்னும் வெயில்ல நிக்கத்தான் போகுதுன்னா அம்புட்டும் வீணு, இருக்கிற டிஸ்க்கே போதும்." அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்: "எப்ப வாரீய?"

பன்னிரண்டு வருஷமாக அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, யாரோ ஒருவர் டயர் அளவு கேட்பது போலக் கேட்டுவிட்டார்.



"இப்ப இல்ல அண்ணாச்சி" என்றார் நிஜாம் தம்பி. "போன மாசம்தான் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்."

அண்ணாச்சிக்கு ஒன்றும் தெரியாது. "அப்ப டிஸ்க்கே இருக்கட்டும்" என்று டயர் எடுக்க உள்ளே போனார்.

ரஹ்மத்து போனை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய்ப் புளியமரத்தடியில் நின்றாள். விழுந்துவிடுவாளோ என்று நானும் பின்னாலேயே போனேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பேசினாள்.

"மச்சான், எப்ப வாரீய?"

"அதான் சொன்னேன்லட்டி."

"நீங்க அண்ணாச்சிக்குச் சொன்னிய. எனக்குச் சொல்லுங்க."



"சொன்னா நீ அழுவேன்னுதான் சொல்லல" என்றார்.

"நான் கேட்டா நீங்க அழுவீயன்னுதான் நானும் கேக்கல."

"வரணும்னுதான் இருக்கு. எந்திரிச்சதுலருந்து படுக்கிற வரைக்கும் அதான் இருக்கு. இந்த வீலு கீலு எல்லாம் வேற எதுக்குன்னு நெனச்ச?" என்றார். பிறகு குரல் உடைந்துபோனது. அவரை அழ விட்டுவிட்டு, அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அவள் கண்ணிலும் தாரை தாரையாக வந்தது. நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

உள்ளே வந்து அண்ணாச்சியிடம் சொன்னாள்: "பதினாலுலயே நல்ல டயரா நாலு போடுங்க. புள்ள பள்ளிக்கூடம் போயிட்டு வரட்டும், மலைச்சாமியண்ணன் ஓட்டுவாக. அலாய் அவிய வந்து எடுத்துக்கிடுவாக."

"அந்தப் பத்துக் கம்பிய எடுத்து வைக்கவா தாயி?"

"வேண்டாம் அண்ணாச்சி. யாராவது ஓட்டுறவுக எடுத்துட்டுப் போகட்டும்."

மாமியாரிடம் தான் கேட்டுவிட்டதை அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவர் ஒன்றும் திட்டவில்லை. "என்ன சொன்னான்?" என்று மட்டும் கேட்டார். அவருக்கும் கேட்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசையோ, அது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

இப்போது மஃரிப் முடிந்து போன் வந்தால் ரஹ்மத்து முதலில் கேட்பது அதைத்தான். "எப்ப வாரீய மச்சான்?" அவரிடம் தேதி இல்லை. அதனால் வருகிற வழியைச் சொல்லுகிறார்.

"மதுரையில பிளேன விட்டு எறங்கியாச்சு. நம்ம வண்டி வெளிய நிக்கிது. சாவிய வாங்கியாச்சு. திருமங்கலம் தாண்டியாச்சு..."

"கல்லுப்பட்டியில டீ குடிச்சிட்டு வாங்க."

"குடிச்சாச்சு. தூரத்துல மலை தெரியுது. கிருஷ்ணன்கோவில் வந்தாச்சுட்டி, அடுத்து நம்ம ஊருதான்."

மாமியார் தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பார். அந்த இடத்தில் ரஹ்மத்து தினமும் நிஜாம் தம்பியைத் தடுத்துவிடுவாள். வந்து சேர்ந்துவிட்டால் போனை வைத்துவிட வேண்டுமே.

"என்ன வேகம் இது? மெதுவா வாங்க மச்சான்" என்பாள். "இன்னும் செத்த மெதுவா."