நாய் தொடாத சோறு

இதை நம்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். வேற யாராவது என்கிட்ட சொல்லியிருந்தா, "உனக்கு வேற வேலையே இல்லையா?"ன்னு கேட்டிருப்பேன். நான் நர்ஸ். செத்தவங்க கண்ணை மூடிவிட்டு, கையைக் கழுவிட்டு, அடுத்த நிமிஷம் டீ குடிக்கிறவ. ஆனா இது நடந்துச்சு. என் வீட்டுல, பட்டப்பகல்ல, என் கண்ணு முன்னாடி.

போன வருஷம் என்னை மலை மேல இருக்கிற ஜமுனாமரத்தூருக்கு மாத்திட்டாங்க. நைட் டூட்டி. எங்க வீட்டுக்காரர் தனசேகரன் லாரி ஓட்டினவர். வண்டி கவிழ்ந்து முதுகெலும்புல அடி. இடுப்புக்குக் கீழ ரெண்டு காலும் அசையாம போச்சு. "பயிற்சி குடுங்க, பார்க்கலாம்"னு டாக்டர் சொன்னார். அந்தப் "பார்க்கலாம்"ங்கிற வார்த்தையைப் பிடிச்சிக்கிட்டுதான் நாங்க உயிரோட இருந்தோம்.

மலையில வீடு தேடினது பெரும் பாடு. படிக்கட்டு இருக்கக்கூடாது. கக்கூஸ் உள்ளேயே இருக்கணும். இதுலயே பாதி வீடு கழிஞ்சிடும். மிச்சம் இருக்கிறவங்க, "வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?"ன்னு கேப்பாங்க. படுக்கையில இருக்கார்னு சொன்னதும் முகம் மாறிடும். "சொந்தக்காரங்க வர்றாங்கம்மா, வூடு காலி இல்ல." எங்க வீட்டுக்காரர் அவங்க வீட்டுல செத்துத் தொலைச்சிடுவாரோன்னு பயம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு பேரையாவது அறைஞ்சிருக்கணும். அறையல. நமக்கு வீடு வேணுமே.

கடைசியா ஊருக்கு வெளிய, பலாமரத்து ஓரமா ஒரு வீடு பூட்டிக் கிடந்துச்சு. வீட்டுச் சொந்தக்காரர் ராஜாக்கண்ணு ஆலங்காயத்துல இருக்கார். போன்ல பேசினேன்.

"படுக்கையிலயா? அப்போ வேணாம்மா."

நான் அழுதுட்டேன். வெக்கமே இல்லாம, நடுரோட்டுல நின்னு கெஞ்சினேன்.

"சரி, இருந்துக்குங்க. பக்கத்து வூட்டு கெங்கம்மா இன்னா செஞ்சாலும் தடுக்காதீங்க. அது மட்டும் போதும்."

கெங்கம்மாள் சாமை பயிர் பண்ற அம்மா. அதிகம் பேசமாட்டாங்க. அவங்ககிட்ட அஞ்சாறு நாய். அந்த நாய்ங்கதான் என் உயிரை எடுத்துச்சு.

ராத்திரிச் சோத்தை அவர் கட்டில் பக்கத்துல வெச்சிட்டுப் போனா, விடியற வரைக்கும் ஆஸ்பத்திரி. காலையில வந்து அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு குடுத்து, காலுக்குப் பயிற்சி குடுத்து முடிச்சிட்டுப் படுப்பேன். கண்ணு சொருகும். சரியா உச்சி வேளையில ஆரம்பிக்கும். எங்க பின்வாசல்லயே. லொள்... லொள்... லொள்... அத்தனை நாயும் சேர்ந்து.

பின்வாசலை ஒட்டி ஒரு கல்தொட்டி இருந்துச்சு. தினமும் மத்தியானம் கெங்கம்மாள் அதுல சூடா சாமைச் சோத்தைக் கொட்டிட்டுப் போவாங்க. நாயெல்லாம் சுத்தி நின்னு குலைக்கும்.

ஒருநாள் ஜன்னல் வழியா பார்த்தேன். எதுவோ சரியில்லன்னு பட்டுச்சு. எதிர்ல சோறு ஆவி பறக்குது. நாய்ங்களுக்கு எச்சில் ஒழுகுது. ஆனா ஒண்ணுகூட வாய் வெக்கல. தொட்டிக்கு அந்தப் பக்கம் வெறும் இடத்தைப் பார்த்துக் குலைக்குது. ஆள் உயரத்துக்கு இல்ல... கீழ. முட்டி உயரத்துக்கு. கொஞ்ச நேரத்துல எல்லாம் ஒரே சமயத்துல வாயை மூடிச்சு. அப்புறம்தான் தின்ன ஆரம்பிச்சுது.

எனக்கு யோசிக்கத் தெம்பு இல்ல. அன்னைக்கு ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஒரு குழந்தைக்கு ஊசி மாத்திப் போடப் பார்த்தேன். மயிரிழையில தப்பிச்சுது. என் வேலை போனா எங்க ரெண்டு பேருக்கும் கஞ்சி கிடையாது. காலையில வந்ததும் கல்தொட்டியைக் குப்புறக் கவுத்தேன். கெங்கம்மாளைக் கூப்பிட்டேன்.

"யக்கா, உங்க நாய்ங்களுக்கு உங்க வாசல்ல சோறு வைங்க. இங்க வேணாம்."

"நாய்க்கு இன்னா நர்சம்மா. எங்க வெச்சாலும் தின்னும்."

"அப்புறம் எதுக்கு இங்க வைக்கிறீங்க?"

கவுந்து கிடந்த தொட்டியையே பார்த்துட்டுப் போய்ட்டாங்க. ஜெயிச்சிட்டோம்னு நினைச்சேன். மடச்சி.

அன்னைக்கு மத்தியானம் நாய்ச் சத்தமே இல்ல. அந்த அமைதியிலதான் எனக்கு முழிப்பு வந்துச்சு. ஜன்னல் வழியா பார்த்தேன். அத்தனை நாயும் எதிர்ல வரிசையா நிக்குது. எங்க பின்வாசலையே பார்க்குது. வாயைத் திறக்கல. ஒண்ணு நின்ன இடத்துலயே மூத்திரம் போச்சு.

டக்...

சமையல்கட்டுல.

பூனையா இருக்கும்னு போனேன். சோத்துப் பானை மூடி தரையில கிடந்துச்சு. பானையில பாதி சோறு இல்ல. பின்வாசல் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்துச்சு. தரையில ஈரக் கை பதிஞ்ச தடம்... தவழ்ந்து வந்த மாதிரி.

அன்னைக்கு முழுக்க எனக்கு நானே ஏதேதோ காரணம் சொல்லிக்கிட்டேன்.

மறுநாள். மணி பன்னெண்டு பத்து. கண்ணு முழிச்சேன். பக்கத்துக் கட்டில் காலி.

காலி.

சரக்... சரக்...

ஓடினேன்.

சமையல்கட்டுல அவர் நின்னுக்கிட்டிருந்தார்.

சத்தியமா சொல்றேன், முதல்ல எனக்குப் பயம் வரல. சந்தோஷம்தான் வந்துச்சு. கையெடுத்துக் கும்பிட்டேன்.

அப்புறம் அவர் காலைப் பார்த்தேன்.

குதிகால் தரையில படல. விரல் நுனி மட்டும் தேய்ஞ்சிக்கிட்டுப் போகுது. தோள் ரெண்டும் மேல ஏறியிருக்கு. அக்குள்ல கை குடுத்து யாரோ தூக்கிப் பிடிச்ச மாதிரி...

கையில தட்டு. தட்டுல சோறு. குனிஞ்சு தரையில வெச்சார்.

"ஏங்க..."

திரும்பினார். முகம் பூரா கண்ணீர்.

"நான் நடக்கல, ஷோபனா."

தட்டுல சோறு குறைஞ்சுது.

இன்னும் கொஞ்சம்...

இன்னும்...

தட்டு காலியாச்சு. அவர் மடங்கி விழுந்தார்.

என் அலறலைக் கேட்டு கெங்கம்மாள் சோத்துச் சட்டியோட ஓடிவந்தாங்க. தொட்டியை நிமிர்த்திக் கொட்டினாங்க. நாய்ங்க குலைக்க ஆரம்பிச்சுது. அந்தச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அப்புறம் சொன்னாங்க. ராஜாக்கண்ணுவோட பெரியம்மா மங்கம்மாள். இந்த வீட்டுலதான் வருஷக்கணக்கா படுத்த படுக்கை. வீட்டு ஆளுங்க சந்தவாசல்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. மத்தியானச் சோறு மட்டும் குடுக்கச் சொல்லி கெங்கம்மாளோட மாமியார்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. மழையில மலைப்பாதை சரிஞ்சு பஸ் நின்னுபோச்சு. அந்த மாமியாரும் காய்ச்சல்ல விழுந்துட்டாங்க. வந்து பார்த்தப்போ மங்கம்மாள் பின்வாசக் கதவுகிட்ட கிடந்தாங்களாம். கட்டில்லேர்ந்து தவழ்ந்தே வந்து...

"அவளுக்குப் போடுற சோறு அது. அவ தின்னு முடிக்கிற வரிக்கும் நாய் குலைக்கும். மிச்சத்தைத்தான் அதுங்க தின்னும்."

காலி பண்ணிட்டுப் போயிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. எங்க போறது? லீவு கிடைச்சப்போ எல்லாம் வீடு தேடினேன். எல்லா வாசல்லயும் அதே பதில்.

அன்னையிலேர்ந்து நானே தினமும் தொட்டியில சோறு வெச்சேன். ஒருநாள் அவர் என் கையைப் பிடிச்சிக்கிட்டார்.

"இன்னைக்கு ஒரு நாள் வெக்காத, ஷோபனா."

"பைத்தியமா உங்களுக்கு?"

"நின்னேன்டி. ஜன்னல் வழியா ரோட்டைப் பார்த்தேன். எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா?"

கையை உதறிட்டுப் போய் சோத்தை வெச்சேன். திரும்பி வந்து ரெண்டு பேரும் அழுதோம். அதுக்கப்புறம் அவர் கேக்கவே இல்ல. மனசு தேறிட்டார்னு நினைச்சேன்.

மூணு மாசம் கழிச்சு வேலூருக்கு டாக்டர்கிட்ட காட்டக் கூட்டிட்டுப் போனேன். பயிற்சி குடுக்கிற அன்பரசி மேடம் அவர் காலை அமுக்கிப் பார்த்தாங்க. டேப் வெச்சு அளந்தாங்க. திரும்பவும் அளந்தாங்க.

"உடம்பு இப்படி இளைச்சிருக்கே. ஆனா கால் சதை நல்லா தேறியிருக்கு. தினமும் ரொம்ப தூரம் நடக்க வைக்கிறீங்க போல?"

"இவர் நடக்கிறதே இல்ல மேடம்."

அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. அவர் பாதத்தைத் திருப்பிக் காட்டினாங்க. பத்து விரல் நுனியும் காய்ப்புக் காய்ச்சிருந்துச்சு.

வாடகைக் கார் மலையேறும்போதுதான் கேட்டேன். அவர் வெளிய பார்த்துக்கிட்டே சொன்னார்.

"ராத்திரிக்கு நீ வெச்சிட்டுப் போற சோத்தை நான் ஒரு நாளும் தின்னதில்ல. அதைத் தின்னத்தான் அவ வந்து என்னை நடத்துறா."

வீட்டுக்கு வந்து அவரைக் கட்டில்ல படுக்க வெச்சேன். டூட்டிக்கு நேரமாச்சு. லீவு கேட்டேன், வேற ஆள் இல்லைன்னுட்டாங்க. சோத்தைப் பிசைஞ்சு ஊட்டிவிடப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கல. தட்டைக் கையோட எடுத்துக்கிட்டுப் போயிடலாம்னு வாசல் வரைக்கும் வந்தேன். சோறு இல்லன்னா அது பசிக்கு வேற எதைத் தேடும்?

திரும்பிப் போய், தட்டைக் கட்டில் பக்கத்துல வெச்சிட்டுக் கிளம்பினேன்.