கடலில் விழுந்த பின்பாதி

பாலம் வருவதற்கு முன் கிண்ணியாவுக்குப் போக ‘பாதை’தான் இருந்தது. ஆளையும் மாட்டையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு நகரும் தட்டைப் படகுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. நான் நகரத்திலிருந்து போய் அங்கே படிப்பித்தேன். என்னோடு படிப்பித்த கிண்ணியாக்காரி பின்னேரங்களில் துறைவரை வருவாள். பாதை வரும்வரை கதை. கதை முழுக்கப் புத்தகம்.

இருவருக்கும் பொறுமை இல்லை, புத்தகமோ ஒன்றுதான். ஆகவே பிளேட்டால் நடுவில் பிளந்து, இரண்டு பாதியையும் தூண்டில் தங்கூசி நூலால் தைத்துக்கொள்வோம். முன்பாதி எனக்கு. அவளுக்கு எப்போதும் பின்பாதி. “முடிவிலயிருந்து தொடக்கத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் புள்ள ருசி” என்பாள். ஒரே சட்டம்: பின்பாதிக்காரி வாய் திறக்கக் கூடாது.

அந்த வருடம் ஒரு நாவல் கிடைத்தது. இனி வரப்போகும் ஒரு காலத்துக் கதை. காதலன் நட்சத்திரமொன்றுக்குப் போகிறான். அவன் திரும்பும்வரை வயது போகாமலிருக்க காதலி கண்ணாடிப் பெட்டிக்குள் உறங்குகிறாள். வெளியே ஒரு வைத்தியர் அவளுடைய கனவுகளை எழுதிக்கொண்டிருக்கிறார். வருடங்கள் போகின்றன. பெட்டியருகே ஒரு காலடிச் சத்தம். அந்த இடத்தில் பிளேடு விழுந்திருந்தது.

எனக்கும் ஒருவர் கட்டாரிலிருந்தார். நாலு மாதமாகக் கடிதம் இல்லை. வெள்ளிக்கிழமை தம்பலகாமத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஓம் என்பதா, மாட்டேன் என்பதா என்று வீட்டில் கேட்டபடி. புதன் பின்னேரம் துறையில் சட்டத்தை நானே மீறினேன்.

“அந்தக் காலடி ஆருடையது? சொல்லடி.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். “அவன்ட காலடிதான். வந்திட்டான்.”

“பின்பாதியைத் தா, வாசிக்க வேணும்.”

“ஐயோ, நேத்து இந்தத் துறையிலதான் வழுக்கித் தண்ணிக்குள்ள விழுந்திட்டு.”

வீட்டுக்குப் போய் மாட்டேன் என்றேன். இரண்டு வருடம் காத்திருந்தேன். வந்தார். இப்போது எங்கள் விறாந்தைக் கதிரையில் பேப்பரை முகத்தில் மூடியபடி குறட்டை விடுகிறார்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். அலுமாரியில் கிடந்த பழைய புத்தகங்களை மூட்டையாகக் கட்டி என்னிடம் தந்துவிட்டாள். வீட்டில் அவிழ்த்தபோது தங்கூசித் தையலோடு, மஞ்சளித்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல் அந்தப் பின்பாதி. நின்றபடியே வாசித்தேன். காலடி வைத்தியருடையது. நட்சத்திரத்துக்குப் போனவன் வரவேயில்லை. பெட்டிக்குள் உறங்கியவள் எழும்பி, தலையை வாரி, தெருவில் இறங்கித் தன்பாட்டில் நடந்து போகிறாள்.

போன் எடுத்தேன். “கடலில விழுந்தது உன்ர அலுமாரிக்குள்ள எப்பிடியடி வந்தது?”

அந்தப் பக்கம் சிரிப்பு. “நீந்தி வந்திரிக்கும் புள்ள.”

“அவன் வரேல்லையடி.”

“கதையிலதானே வரல்ல. உனக்கு வந்தாரே.”

“அவரும் வராமல் விட்டிருந்தால்?”

சிரிப்பு நின்றது. “அந்தப் பயத்திலதான் ரெண்டு வருசமும் ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேட்டன். பொய் சொன்னவள் நானல்லோ.”

கதிரையில் பேப்பர் அசைந்தது.

“ஆரது போனில?”

“உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவள்” என்றேன்.

“நான் பிளேனிலயெல்லோ வந்தனான்” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.